நிலாவில் மோதித் திரும்பிய பியானோ! ரேடியோ இரைச்சலுக்குள் இத்தனை கச்சேரியா?

தர்மபுரி மாவட்டத்து மொரப்பூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அறைப் பக்கமிருந்து 'டிங்... டிங்' என்று மணி அடித்துக் கேட்டிருக்கிறீர்களா? அது சும்மா அடிக்கிற மணி இல்லை, ஒரு பாஷை. தெரியுமா?

ஒரு அடி விழுந்தால் 'கவனி, போனை எடு'. இரண்டு அடி, 'லைன் கிளியரா?' மூன்று, 'வண்டி கிளம்பிவிட்டது'. நான்கு, 'வண்டி வந்து சேர்ந்துவிட்டது'. ஐந்து, 'முன்னே சொன்னதை ரத்து செய்'. ஆறு அடி விழுந்தால் ஆபத்து, பாதையில் தடை! ஒரு ஸ்டேஷனும் பக்கத்து ஸ்டேஷனும் பேசிக்கொள்ள ரயில்வே விதிப் புத்தகமே வகுத்துக் கொடுத்த மணிக் கணக்கு இது. சாமல்பட்டிப் பக்கம், பொம்மிடிப் பக்கம் என்று இரண்டு திசையிலும் கம்பி வழியே போய் வந்த இந்த 'டிங் டிங்'கில் எத்தனை உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்று நினைத்தால் குடிக்கிற டீ தொண்டையில் நிற்கும்.

தந்தி, ரேடியோ, டெலிபோன், செல்போன் என்று மனிதன் கண்டுபிடித்த கருவிகள் எல்லாமே செய்தியோடு சேர்த்து இப்படி ஏதாவது ஒரு சத்தத்தையும் போட்டன. எஞ்சினியர்கள் அதை 'இரைச்சல்' என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதைப் பொறுக்கி எடுத்து மேடையேற்றிய கிறுக்கர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்வதற்கு ஒலிக்கலை என்று பெயர். அதில் பாட்டு கிடையாது, ராகம் கிடையாது, சில சமயம் வாசிப்பதற்கு ஆளே கிடையாது! அவர்களில் பலருக்குத் தோள் கொடுத்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். அதாவது அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தமாக ஓர் அழைப்புக் குறியும் வாங்கி, காசு வாங்காமல் வீட்டு மாடியிலிருந்தே உலகத்தோடு பேசும் ஆசாமிகள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து பண்ணிய காரியங்களைக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் நம்ம ஊர்ப் பெருமை ஒன்று.

ஔவையார் கேட்ட இரைச்சல்

காற்று பட்டால் தானே ஒலிக்கும் கருவியை இன்றைக்கு வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் 'ஒலிச் சிற்பம்' என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். தகடூரில், அதாவது நம் தர்மபுரியில், அது சங்க காலத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? புறநானூற்றின் 89-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார்: ஊர்ப் பொதுவிடத்தில் இழுத்துக் கட்டிய தண்ணுமை ஒன்று தொங்குகிறது. காற்று வந்து அதன் முகத்தில் மோதுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி 'போர்!' என்கிறான்.

ஒரு ஹாம் ரேடியோக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், சிரித்துவிடுவார். வெறும் காற்று இரைச்சலை சிக்னல் என்று எடுத்துக்கொள்வது அவருக்குத் தினசரி அனுபவம். இரவெல்லாம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, 'ஏதோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே' என்று எழுந்து உட்காருகிற ஜாதி அது. இரைச்சல் எங்கே முடிகிறது, செய்தி எங்கே தொடங்குகிறது? ரேடியோ ஒலிக்கலை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் ஓடுகிறது. அதை முதலில் எழுதி வைத்தவர் ஔவையார் என்று நான் அடித்துச் சொல்வேன். யாராவது மறுத்தால் மறுக்கட்டும்!

ரேடியோ பிறப்பதற்கு முன்பே ரேடியோ கேட்டவர்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன். உலகத்தின் முதல் போன் அழைப்பைக் காதில் வாங்கியவர். 1876-ல் அவர்கள் பாஸ்டனில் கட்டிய சோதனைக் கம்பியில் ராத்திரி வேலை முடிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? யாரும் பேசாத கம்பியில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்! படக் என்று ஒரு வெடிப்பு, கரகரவென்று ஓர் உராய்வு, குருவி கத்துகிற மாதிரி ஒரு கீச்சு. சூரியனில் வெடிப்பு நடக்கிறதோ, வேறு கிரகத்துக்காரர்கள் கூப்பிடுகிறார்களோ என்றெல்லாம் யோசித்ததாக அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். ரேடியோ அலை என்று ஒன்று உண்டு என இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் நிரூபிக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. மனுஷன் தெரியாமலே இயற்கையின் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்!

இயற்கைக்கு ஏது ரேடியோ? இருக்கிறது. ஒவ்வொரு மின்னலும் ஒரு டிரான்ஸ்மிட்டர். அது வெட்டும்போது மிகத் தாழ்ந்த அலைவரிசையில் ரேடியோ அலை கிளம்புகிறது. நீளமான கம்பியும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இருந்தால் அது நேராகவே காதுக்குக் கேட்கும் சத்தமாகிவிடும். பக்கத்தில் வெட்டினால் அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடப்பு. ராத்திரியில் ரொம்ப தூரத்தில் வெட்டினால் அந்த அலை தரைக்கும் வானத்து அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி ஓடிவரும். வந்து சேரும்போது 'ட்வீக், ட்வீக்' என்று பறவைக் குரலாகியிருக்கும். அதற்குப் பெயரே ட்வீக்தான்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் விசிலர். முதல் உலகப் போரில் எதிரியின் போனை ஒட்டுக்கேட்க உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்களுக்கு 'பியூ...' என்று மேலிருந்து கீழே சரியும் விசில் கேட்டது. குண்டு பறக்கும் சத்தம் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள். பார்க்ஹௌசன் என்ற இயற்பியலாளர் 1919-ல் இதைப் பற்றி எழுதினார். காரணம் முழுசாகப் புரிய 1953 வரை ஆனது. மின்னலின் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏறி, பூமியின் மறுபாதியில் வந்து இறங்குகிறது. வழியில் உச்ச சுருதி முந்திக்கொள்கிறது, மந்திர சுருதி பின்தங்குகிறது. அதனால்தான் அந்தச் சறுக்கல்!

சரி, மொரப்பூரில் கேட்குமா? விசிலர் கேட்பது குதிரைக்கொம்பு. காந்த நடுக்கோடு நம் தென் தமிழகத்தின் முனையை ஒட்டிப் போகிறது. அதற்கு இவ்வளவு அருகில் காந்தக் கோடுகள் உயரமாக எழும்புவதில்லை, படுத்தே கிடக்கின்றன. ஆனால் ட்வீக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மழைக்கால ராத்திரியில், மின் கம்பியை விட்டு நன்றாக விலகி ஒரு மேட்டில் போய் நின்றால் நமக்கும் உண்டு.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் அதைத்தான் செய்தார். 1981-ல் கொலராடோ மலையில் ஆன்டெனா நட்டு, ராத்திரியெல்லாம் இந்தச் சத்தங்களைப் பதிவு செய்து 'ஸ்ஃபெரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஒரு ஸ்வரம்கூட அவர் எழுதவில்லை. இயற்றியது மின்னல், பாடியது வானம். அவர் வேலை சரியான இடத்தில் கம்பியை நட்டது மட்டும்தான். இதுவும் ஒரு படைப்பா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கேட்டுப் பார்த்தபின் கேட்கட்டும்.

மெட்ராசும் கொழும்பும்

இந்தியாவில் ஒழுங்காக நிகழ்ச்சி ஒலிபரப்ப முதலில் கிளம்பியவர்களில் அரசாங்கம் இல்லை, ஆர்வக்காரர்கள்தான் இருந்தார்கள் என்பது தெரியுமா? சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கினார். டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு பழைய டியூப்லைட் தின்கிற மின்சாரம்! அதை வைத்துக்கொண்டு மெட்ராசுக்குப் பாட்டும் பேச்சும் அனுப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடியது. 1930-ல் மாநகராட்சி அந்த வேலையைக் கையில் எடுத்தது. ஆல் இந்தியா ரேடியோ மெட்ராசுக்கு வந்தது 1938-ல்தான்.

கொழும்பு இன்னும் சுவாரசியம். 1920-களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறை எஞ்சினியர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோச் சாமான்களை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டி கிராமபோன் இசையை வானில் ஏற்றினார். போர்க்கப்பலின் வயிற்றிலிருந்து இசை! அதன் வாரிசுதான் நம் அம்மாக்களும் அத்தைகளும் உயிரை விட்டுக் கேட்ட இலங்கை வானொலி.

அந்த நிலையத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கும். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று தூரமாகப் போகும், கரையும், பின்னாலிருந்து வேறு ஏதோ பாஷை எட்டிப் பார்க்கும், மறுபடி பாட்டு பக்கத்தில் வந்து நிற்கும். ரேடியோவைத் தட்டிப் பார்ப்போம், இடத்தை மாற்றி வைப்போம். பாவம், ரேடியோமேல் குற்றமில்லை. அது வானத்தின் கைவரிசை. பகலில் மீடியம் வேவ் அலையைக் குடித்துவிடுகிற அயனி மண்டலத்தின் அடியடுக்கு ராத்திரியில் கரைந்துவிடுகிறது. அலை அதற்கு மேலே இருக்கும் அடுக்கில் மோதித் திரும்புகிறது. ஒரே பாட்டு இரண்டு மூன்று வழியாக வந்து சேர்கிறது. சேரும்போது ஒன்றையொன்று கூட்டினால் சத்தம் ஏறும், கழித்தால் இறங்கும். அதாவது ஒரே பாட்டை ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு மாதிரி வானமே கலக்கிக் கொடுத்தது. மொரப்பூரில் கேட்ட பாட்டைப் பக்கத்து அரூரில் இருந்தவர் கேட்கவில்லை!

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை அந்த வழக்கம் இருந்தது. பேரப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

பன்னிரண்டு ரேடியோ, இருபத்து நான்கு பேர், ஒரு குஜராத்திப் பெண்மணி

1951, நியூயார்க். மேடையில் 12 ரேடியோப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். ஒருவர் நிலையத்தைத் திருப்ப, மற்றவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. எதிரே கைகாட்ட ஒரு நடத்துநர்! எப்போது எந்த அலைவரிசை என்பதெல்லாம் தாளில் எழுதியிருக்கிறது. அந்த அலைவரிசையில் அந்த நொடி என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது. இதுதான் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 'இமேஜினரி லேண்ட்ஸ்கேப் எண் 4'. இதில் வேடிக்கை என்னவென்றால், நிகழ்ச்சி வரிசையில் இந்த உருப்படி வருவதற்குள் ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. பல நிலையங்கள் கடையைச் சாத்திவிட்டன. பாதி நேரம் மௌனம்தான் வந்தது. கேஜுக்கு அதுவும் சம்மதம்!

இந்த கேஜுக்குக் குரு யார் தெரியுமா? பலரில் ஒருவர் நம் நாட்டுக்காரர். அகமதாபாத் கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போனபோது கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார், அவரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். மனதை அடக்கி அமைதியாக்குவதுதான் இசையின் நோக்கம் என்று கீதா சொன்ன கருத்தை கேஜ் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1969-ல் கேஜின் கூட்டாளி டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு அகமதாபாத் வந்து இறங்கினார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஒரு சின்னக் குழு ராப்பகலாக உட்கார்ந்து, அதுவரை இந்தியக் காது கேட்காத சத்தங்களை நாடாவில் பிடித்தது. ஜோஷிபுரா அப்போது மாணவர். 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று விண்கப்பல் இசை பண்ணினார்! பிறகு கூடம் மூடியது, நாடாக்கள் அலமாரிக்குள் போயின, எல்லோரும் மறந்தார்கள். 2017-ல் பால் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் அந்த அலமாரியைத் திறந்தார். 2023-ல் இசைத்தட்டாகவே வெளிவந்துவிட்டது. நாம் ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் காத்திருந்த அதே வருடங்களில் அகமதாபாத்தில் இது நடந்திருக்கிறது. இந்தியாவில் சோதனை இசை இல்லை என்று யாராவது சொன்னால் இந்தத் தட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசன் இன்னொரு வழி பிடித்தார். 1968-ல் அவர் எழுதிய 'குர்ட்ஸ்வெல்லன்' என்ற படைப்பில் வாசிப்பவர் முன்னால் இசைத்தாளுக்குப் பதில் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ இருக்கும், கூடவே கூட்டல், கழித்தல், சமம் என்ற குறிகள். ரேடியோவில் எது வருகிறதோ அதைத் தன் கருவியில் பிடித்து, குறி சொல்கிறபடி ஏற்றவோ இறக்கவோ வேண்டும். பாடகரின் ஆலாபனையை ஒரு மூச்சு பின்தங்கித் தொடர்கிற நம் பக்கவாத்திய வயலின்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், பாடகர் இடத்தில் ரேடியோ இரைச்சல்! அதே வருடம் எழுதிய 'ஸ்பைரல்' என்ற ஷார்ட்வேவ் உருப்படியை 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் 1,300 தடவைக்கு மேல் வாசித்தார்கள். நம் அகமதாபாத் அதுல் தேசாயும் அதே கண்காட்சிக்காக ஒலிப்பதிவு செய்திருக்கிறார் என்பது கூடுதல் செய்தி.

முதல் உலகப் போரில் ரேடியோத் தந்தி ஆபரேட்டராக இருந்த பிரெஞ்சுக்காரர் மார்ட்டெனோ, வால்வுகள் ஒன்றோடொன்று உரசிப் போட்ட 'ஊய்ய்' சத்தத்திலிருந்தே ஓர் இசைக்கருவி செய்து 1928-ல் மேடையேற்றினார் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன்.

நிலாவுக்குப் போன பீத்தோவன்

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹாம்களில் ஒரு தனி ஜாதி உண்டு. பக்கத்து நாட்டோடு பேசுவதற்கு நிலாவில் மோதிப் பேசுகிறவர்கள். பூமியிலிருந்து 3,84,400 கிலோமீட்டர் போய், நிலாவில் பட்டு, மறுபடி அதே தூரம் திரும்பி வர சுமார் இரண்டரை விநாடி. பட்ட அலையில் 7 சதவீதம் போலத்தான் நிலா திருப்பி விடும், அதுவும் எல்லாத் திசையிலும் சிதறி. பூமிக்கு வந்து சேருவது எச்சத்தின் எச்சம்.

ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2007-ல் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வை மோர்ஸ் புள்ளி, கோடுகளாக மாற்றி, நிலாவைப் பார்த்து அனுப்பினார். நிலவொளி இசையை நிலாவுக்கே! திரும்பி வந்ததில் பல ஸ்வரங்களைக் காணோம். நிலாவின் பள்ளத்திலும் நிழலிலும் விழுந்து போய்விட்டன. மிச்சத்தை அப்படியே தானாக வாசிக்கும் பியானோவுக்குக் கொடுத்தார். காட்சிக்கூடத்தில் ஆளில்லாத பியானோ வாசிக்கிறது, நடுநடுவே ஓட்டை ஓட்டையாக நிற்கிறது, மறுபடி வாசிக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்கிற எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஓட்டைகளைச் சரி செய்யாமல் விட்டாரே, அதற்காகவே.

அவருக்கு முன்பே 1980-களில் பாலின் ஒலிவெரோஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஹாம்களின் துணையோடு தன் குரலையும் அக்கார்டியனையும் நிலாவுக்கு அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியோடு தானே சேர்ந்து வாசித்தார். பார்க்க வந்த ஜனங்களும் வரிசையில் நின்று தங்கள் குரலை நிலாவில் மோதவிட்டுக் கேட்டார்கள்!

விண்ணிலிருந்து விழுந்த குரல்கள்

1957-ல் உலகின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 'பீப் பீப்' என்றபோது அதை உலகத்து ஹாம்கள் வீட்டிலிருந்தே கேட்க முடிகிற 20 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் சோவியத் விஞ்ஞானிகள் வைத்தார்கள். இருபது நாளைக்கு மேல் கத்திவிட்டு பேட்டரி தீர்ந்து ஓய்ந்தது.

அதைவிட வினோதம் 2006 பிப்ரவரியில் நடந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் பழசாகிப்போன ஒரு ரஷ்ய விண்வெளி உடைக்குள் ஆளுக்குப் பதில் பேட்டரியும் ஹாம் டிரான்ஸ்மிட்டரும் வைத்து, கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டார்கள். தெரியுமா? அந்தக் காலிச் சட்டை பல மொழிகளில் குழந்தைகளின் குரலை ஒலித்துக்கொண்டே பூமியைச் சுற்றியது! சிக்னல் எதிர்பார்த்ததைவிட ரொம்பப் பலவீனம். ஹாம்கள் காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு வாரம் போலத் தேடித் தேடிக் கேட்டார்கள். பிறகு மௌனம். செப்டம்பரில் காற்று மண்டலத்தில் எரிந்து போனது. எந்த நாடக ஆசிரியரும் எழுதத் துணியாத காட்சி.

நமக்கும் பங்கு உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே 42.5 கிலோ எடையில் 'ஹாம்சாட்' செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஒன்பது வருடம் உழைத்தது. 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து பெங்களூரு மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான்.

விண்வெளி நிலையம் அவ்வப்போது படம்கூட அனுப்புகிறது, சத்தமாக! 145.800 மெகாஹெர்ட்ஸில் கீச்கீச்சென்று ஒரு பாட்டு இரண்டு நிமிடம் ஓடும். அதை செல்போனில் இலவச ஆப் ஒன்றின் காதில் போட்டால் வரி வரியாகப் படம் விரியும். இந்த முறையைக் கண்டுபிடித்ததும் ஒரு ஹாம்தான், 1950-களின் கடைசியில், கல்லூரி மாணவராக இருந்த கோப்தோர்ன் மெக்டொனால்டு.

ஹாம் என்றால் வேலையற்ற பொழுதுபோக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு பொழுதுபோக்காகத்தான் அந்தமான் போய் ரேடியோ வைத்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. போன் எல்லாம் செத்துப்போன தீவிலிருந்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வெளியே சொன்னது அவர்களுடைய ரேடியோ.

செத்த சத்தங்கள்

அமெரிக்கத் தந்தி ஆபீஸ்களில் ஆபரேட்டர்கள் கருவிக்குப் பின்னால் காலிப் புகையிலை டப்பாவைச் செருகி வைப்பார்கள், தெரியுமா? நாலு கருவி ஒரே அறையில் கடகடக்கும்போது தன்னுடையது எது என்று அந்த டப்பாவின் நாதத்தை வைத்துக் கண்டுபிடிக்கத்தான். நம் ஊரில் தந்தி 2013 ஜூலையில் மூடப்பட்டது. கடைசி நாளில் ஞாபகார்த்தமாகத் தந்தி அடிக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதேபோல மொரப்பூரிலிருந்து 1906-ல் தர்மபுரிக்கு ஓடத் தொடங்கி, 1913-ல் ஓசூர் வரை நீண்டு, உலகப் போர் நேரத்தில் 1941-ல் நின்றுபோன குறுகிய பாதைக் குட்டி ரயிலின் ஊதல் எப்படி இருந்தது? யாரிடம் போய்க் கேட்பது?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளாதீர்கள். உங்கள் காதிலேயே ஒன்று செத்திருக்கிறது. டீக்கடை ரேடியோ பக்கத்தில் செல்போன் இருந்தால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் 'டிட்டிடிட் டிட்டிடிட் டுர்ர்ர்' என்று ஸ்பீக்கர் துடிக்குமே! பழைய செல்போன் தன் பேச்சைத் துண்டு துண்டாக விநாடிக்கு சுமார் 217 தடவை வெடித்து வெடித்து அனுப்பும். அந்தத் துடிப்பு ஸ்பீக்கர் கம்பிக்குள் புகுந்துவிடும். 4ஜி வந்து முறை மாறியதும் அந்தச் சத்தம் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. கவனித்தீர்களா?

பழைய நோக்கியாவில் மெசேஜ் வந்தால் மூன்று குட்டை, இரண்டு நீளம், மூன்று குட்டை என்று கூவும். அது மோர்ஸ் மொழியில் 'எஸ்.எம்.எஸ்' என்ற மூன்று எழுத்து! ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006 முதல் 2014 வரை தமிழ்நாட்டுக் கைகள் லட்சம் லட்சமாக அந்த போனைச் செய்தன. கூவியதன் அர்த்தம் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் உயிரோடு இருக்கிற ஒன்று: மின்சார ரீங்காரம். டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றால் 'ம்ம்ம்' என்று கேட்கிறதே, அது 100 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 சுற்று, இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அதிர்கிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் என்ன சுருதி? கிட்டத்தட்ட ஐந்து கட்டை, இழையளவு கூட! ஆக, மொரப்பூரில் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் தெருவுக்குத் தெரு ஐந்து கட்டையில் தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் அங்கே ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் தடுமாறும். ஜெர்மன் கலைஞர் கிறிஸ்டினா குபிஷ் 2004 முதல் கம்பிச் சுருள் வைத்த ஹெட்போனை ஜனங்களுக்கு மாட்டிவிட்டு ஊர் ஊராக நடக்கவிடுகிறார். ஏ.டி.எம். ஒரு மாதிரி, டிராம் ஒரு மாதிரி, கடையின் திருட்டு தடுப்புக் கதவு ஒரு மாதிரி பாடுகிறதாம். நம் ஊர் ரயில் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. குபிஷ் வந்தால் நடைமேடையை விட்டு நகரமாட்டார்!

நமக்கு அந்த ஹெட்போன்கூட வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய மீடியம் வேவ் ரேடியோவைத் தூசி தட்டி, நிலையமே இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கத்தும். மின்கம்பத்தையும் தண்டவாளத்தையும் நெருங்கவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே ரேடியோவை மாடிக்கு எடுத்துப் போனால் தூரத்து நிலையங்கள் வந்து போகும். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் பிள்ளைகளை வைத்து ஒரு சனிக்கிழமை செய்து பாருங்கள். பன்னிரண்டு வயது ஆன பிள்ளைகள் ஹாம் தேர்வே எழுதலாம். ஒன்றே ஒன்று: கிடைத்த சத்தத்தைப் போனில் பதிவு செய்யும்போது ஊர், தேதி, நேரம், எந்தக் கருவி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாத பதிவு பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.